நாற்காலியிலிருந்து நீலகிரிக்கு: ஆரம்பகால மானிடவியல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனிதர்களின் பழக்கவழக்கம், உறவுமுறை, சடங்கு, நம்பிக்கை ஆகியவற்றை ஆராயும் தனித் துறையாக மானிடவியல் உருவெடுத்தது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில். அந்த முதல் ஐம்பது, அறுபது ஆண்டுகளைப் பற்றி மாணவர்களும், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும், சும்மா ஆர்வத்தில் புரட்டுபவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கான பதில்கள் இங்கே. எனக்கு ஒரு சாய்வு உண்டு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தக் காலத்தவர்கள் கட்டிய பெரிய கோட்பாடுகளைவிட, பொறுமையாகக் கேட்டு எழுதிவைத்த சின்ன விவரங்கள்தான் தேறின என்பது என் கட்சி.

ஆரம்பகாலம் என்றால் எதுவரை?

தோராயமாக 1860 முதல் 1922 வரை என்று வைத்துக்கொள்ளலாம். 1871-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் டைலர் எழுதிய 'ஆதிப் பண்பாடு' வந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் லூயிஸ் ஹென்றி மார்கனின் உறவுமுறை பற்றிய பெருநூல் வந்தது. 1922-இல் மலினோவ்ஸ்கி, ராட்கிளிஃப்-பிரவுன் என்ற இரு மானிடவியலாளர்களின் முதல் பெரிய களநூல்களும் வெளியாயின. அதற்குப் பிறகு நேரில் போய்த் தங்காமல் எழுதினால் யாரும் மதிக்கவில்லை.

அப்படியானால் அதற்கு முன் யாரும் நேரில் போகவே இல்லையா?

போனவர்கள் குறைவு. டைலர் 1856-இல் மெக்சிகோவைச் சுற்றிப் பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய பெரும் பயணம். மந்திரமும் மதமும் பற்றி எழுதிய ஜேம்ஸ் ஃபிரேசர் வாழ்நாள் முழுக்க நூலகத்தில் இருந்தே எழுதினார். 'நீங்கள் எழுதும் அந்தக் காட்டுமனிதர்களில் யாரையாவது நேரில் பார்த்ததுண்டா?' என்று கேட்டதற்கு, 'ஐயோ, வேண்டவே வேண்டாம்!' என்றாராம். கட்டுக்கதையாகக்கூட இருக்கலாம். ஆனாலும் ஆளுக்குப் பொருத்தமான கதை.

தகவல் வந்த வழி வேறு. மிஷனரிகள், அதிகாரிகள், கப்பல் தலைவர்கள், வணிகர்கள் எல்லாருக்கும் கேள்விப் பட்டியல் போகும். 1874-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கம் இதற்கென்றே ஒரு கையேடு போட்டது. பயணிகள் அதை வைத்துக்கொண்டு கேட்டு எழுதி அனுப்ப வேண்டும். லண்டனிலும் கேம்பிரிட்ஜிலும் உட்கார்ந்திருப்பவர் அதை வகை பிரித்து அடுக்குவார். பட்டியலில் இல்லாத விஷயத்தை யாரும் கேட்கவில்லை, ஆகவே எழுதவும் இல்லை.

டைலர் முக்கியமானவர் என்கிறார்கள். என்ன சொன்னார்?

இரண்டு விஷயம். ஒன்று, பண்பாடு என்பதற்கு அவர் தந்த வரையறை: அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் என்று சமூகத்தின் உறுப்பினனாக மனிதன் கற்றுக்கொண்ட எல்லாமும் சேர்ந்த முழுமை. இதில் 'கற்றுக்கொண்ட' என்பதுதான் கனமான சொல். இரத்தத்தில் வருவதல்ல பண்பாடு என்பதற்கான விதை அதில் இருக்கிறது.

இன்னொன்று, மதத்தின் தொடக்கம் பற்றிய ஊகம். செத்துப்போனவர் கனவில் வந்து பேசுகிறார். உடம்பு இங்கே கிடக்க, நாமே கனவில் வேறு ஊருக்குப் போய் வருகிறோம். செத்த உடம்பில் ஏதோ ஒன்று குறைகிறது. இவற்றை எல்லாம் யோசித்த ஆதிமனிதன், உடம்பை விட்டுப் பிரியக்கூடிய உயிர் ஒன்று உண்டு என்று முடிவு கட்டினான்; பிறகு அதை விலங்குக்கும் மரத்துக்கும் ஆற்றுக்கும் நீட்டினான்; அதிலிருந்து ஆவிகளும் தெய்வங்களும் வந்தன என்பது டைலரின் வாதம். ஆன்மவாதம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆதிமனிதன் யார் என்று பார்த்தால், நெருப்பருகே தனியாக உட்கார்ந்து தத்துவம் யோசிக்கும் விக்டோரியா காலத்து ஆங்கிலேயர் போலவே இருக்கிறார். கூட்டமாகச் சேர்ந்து ஆடுவதும் அழுவதும் பலியிடுவதும் இந்தக் கதையில் எங்கேயும் வராது. இந்தக் குறையை அடுத்த தலைமுறை பிடித்துக்கொண்டது. ராபர்ட்சன் ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1889-இல், பழைய மதங்களில் சடங்குதான் முதல், அதற்கான விளக்கம் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வது என்றார்.

'எச்சம்' என்று டைலர் சொல்வது என்ன?

காரணம் மறந்துபோய், பழக்கம் மட்டும் மிஞ்சியிருப்பது. அவருடைய பிரபலமான உதாரணம் தும்மல். தும்மியவரை வாழ்த்துவது உலகம் முழுக்க இருக்கிறது. தும்மும்போது ஆவி உள்ளே புகுகிறது அல்லது வெளியேறுகிறது என்ற பழைய பயத்தின் மிச்சம் அது என்றார்.

நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு சந்தேகம் வரும். குறளில் தலைவன் தும்முகிறான், தலைவி வாழ்த்துகிறாள். உடனே 'உன்னை நினைத்தது யார், சொல்' என்று அழுகிறாள். அங்கே ஆவியும் இல்லை, பயமும் இல்லை. தும்மினால் யாரோ நினைக்கிறார்கள் என்ற நம்பிக்கை ஊடலுக்குக் கச்சிதமாகப் பயன்படுகிறது. இன்று உயிரோடு, தனக்கென்று ஒரு வேலையோடு இருக்கிற ஒரு வழக்கத்தை, எப்போதோ செத்துப்போன நம்பிக்கையின் எலும்பு என்று சொல்லிவிடுவதுதான் எச்சக் கோட்பாட்டின் பலவீனம்.

ஃபிரேசரின் மந்திர விதிகள் என்னென்ன?

ஒத்ததை ஒத்தது உண்டாக்கும் என்பது ஒன்று. எதிரியின் உருவம் செய்து அதில் ஊசி குத்துவது இந்த வகை. ஒருமுறை தொட்டுக்கொண்டிருந்தவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது மற்றது. வெட்டிய நகம், உதிர்ந்த முடி, காலடி மண் எடுத்துச் சூனியம் வைப்பதெல்லாம் இதில் சேரும். இந்த வகைப்பாடு இன்றும் கைகொடுக்கும். மந்திரம் தோற்று மதம் வந்தது, மதம் தோற்று அறிவியல் வந்தது என்ற அவருடைய வரிசைதான் நிற்கவில்லை. கோயிலுக்குப் போய்விட்டு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டுவிட்டு, ராக்கெட் அனுப்பும் வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களே! 1890-இல் இரண்டு தொகுதியாக வந்த அவருடைய 'பொற்கிளை', 1915-க்குள் பன்னிரண்டு தொகுதியாகப் பெருத்தது. படிக்கச் சுவையானது. ஆனால் ஆதாரமாக மேற்கோள் காட்டாதீர்கள்.

காட்டுநிலை, அநாகரிக நிலை, நாகரிகம் என்ற ஏணி யாருடையது?

பலரும் பயன்படுத்தினார்கள். தெளிவாகப் படி போட்டுக் கொடுத்தவர் மார்கன், 1877-இல். வில் அம்பு வந்தால் ஒரு படி, மண்பாண்டம் வந்தால் அடுத்த படி, இரும்பு உருக்கினால் இன்னொரு படி, எழுத்து வந்தால் நாகரிகம். இந்தக் கணக்கில் பாலினேசியர்கள் காட்டுநிலையின் நடுப்படியிலேயே நின்றுவிட்டார்கள். பசிபிக் கடலில் பல ஆயிரம் கிலோமீட்டர் நட்சத்திரம் பார்த்துப் படகோட்டியவர்கள், பெரிய தலைவர்களின் கீழ் வாழ்ந்தவர்கள். பானை வனையவில்லை, அதனால் கீழே! ஏணியின் லட்சணம் இதுதான்.

மார்கனுக்கும் தமிழுக்கும் ஏதோ தொடர்பு உண்டாமே?

உண்டு. இந்தத் துறையின் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மார்கன் நியூயார்க் மாநிலத்து வழக்கறிஞர். 1844-இல் ஆல்பனி நகரப் புத்தகக் கடை ஒன்றில் ஈலி பார்க்கர் என்ற செனெகா இளைஞரைச் சந்தித்தார். செனெகா என்பது இரோகுவா கூட்டமைப்பைச் சேர்ந்த பழங்குடி. பார்க்கரின் உதவியால் 1851-இல் இரோகுவா பற்றி ஒரு நல்ல நூல் எழுதினார். (அந்தப் பார்க்கர் பின்னாளில் ஜெனரல் கிரான்ட்டின் ராணுவச் செயலாளராகி, 1865-இல் உள்நாட்டுப் போரின் சரணாகதி நிபந்தனைகளைத் தன் கையால் படியெடுத்துக் கொடுத்தவர்.)

செனெகா மக்கள் அப்பாவின் அண்ணன் தம்பிகளையும் 'அப்பா' என்றே அழைத்தார்கள். அம்மாவின் அக்கா தங்கையும் 'அம்மா'தான். அம்மாவின் சகோதரருக்கு மட்டும் தனிச் சொல். அவர்கள் பிள்ளைகளிலும் அதே பிரிவு. பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. மாமன் பிள்ளையும் அத்தை பிள்ளையும் வேறு வகை. எல்லாரையும் ஒரே சொல்லுக்குள் அடைக்கும் ஆங்கிலத்தில் வளர்ந்த மார்கனுக்கு இது விநோதமாக இருந்தது. நமக்கு இதில் விநோதம் எதுவும் இல்லை. அவர் வியந்தது நம் வீட்டு முறையைப் பார்த்துத்தான், என்ன, வேறு ஒரு கண்டத்தில்.

1858-இல் ஒஜிப்வா என்ற இன்னொரு அமெரிக்கப் பழங்குடி மக்களிடமும் இதே முறையைக் கண்டார். ஆசியாவிலும் இருக்குமோ என்று சந்தேகம். 1859-இல், தென்னிந்தியாவில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு அமெரிக்காவுக்கு வந்திருந்த ஸ்கடர் என்ற மிஷனரியிடம் தமிழ் உறவுமுறையைக் கேட்டு வாங்கினார். ஆற்காடு மிஷனை நடத்திய அதே ஸ்கடர் குடும்பம்தான்; வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் இந்தக் குடும்பத்தின் பேத்தி. வந்த பட்டியல் செனெகா முறையோடு வரிக்கு வரி ஒத்துப்போனதைப் பார்த்து மார்கன் துள்ளிக் குதித்துவிட்டார். ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் வழியாக உலகம் முழுக்கக் கேள்விப் படிவம் அனுப்பினார். 1871-இல் வந்த நூலில் அந்தப் பட்டியல்கள் பக்கம் பக்கமாக நிற்கின்றன. தரவு சேர்க்க மேற்கே போயிருந்த 1862-இல் அவருடைய இரண்டு பெண் குழந்தைகளும் காய்ச்சலில் இறந்துபோனார்கள். அந்த நூலுக்கு அவர் கொடுத்த விலை சாதாரணமல்ல.

இரண்டு முறையும் ஒன்றேதானா?

இல்லை. ஓரிடத்தில் கணக்கு இடித்தது. மார்கனே அதைக் கவனித்தார், ஆனால் காரணம் பிடிபடவில்லை.

பேசுபவர் ஆண் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அத்தை மகளின் மகன் எனக்கு மகன் முறை. அத்தை மகனின் மகன் எனக்கு மருமகன் முறை. செனெகாவில் நேர் தலைகீழ். ஏன்? நமக்கு அத்தை மகள் கட்டிக்கொள்ளும் முறைப்பெண். நான் கட்டியிருந்தால் அவள் பிள்ளை என் பிள்ளைதானே! அதே அத்தை மகன் என் தங்கையைக் கட்டும் முறையுள்ளவன். ஆகவே அவன் பிள்ளை என் தங்கை பிள்ளை, அதாவது மருமகன். செனெகா மக்களிடம் இப்படிக் கொண்டு கொடுக்கும் முறை இல்லை. ஆகவே சொற்களும் அங்கே வேறு கணக்கில் ஓடுகின்றன. தமிழ்க் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற எந்தப் பாட்டியைக் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் சொல்லியிருப்பார். மார்கனிடம் இருந்தது படிவம். பாட்டியைக் கேட்கும் வழி இல்லை.

முறைமாமன், முறைப்பெண் திருமணத்துக்கும் உறவுச் சொல்லுக்கும் உள்ள பிணைப்பை 1907-லும் 1914-லும் ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்-மானிடவியலாளர் விளக்கினார். தமிழ்நாட்டில் பிரமலைக் கள்ளர்களிடையே களப்பணி செய்த பிரெஞ்சு அறிஞர் லூயி துமோன் 1953-இல் அதை இன்னும் கூர்மையாக்கினார்.

இதை வைத்து மார்கன் என்ன முடிவுக்கு வந்தார்?

இரண்டு முடிவு, இரண்டுமே தேறவில்லை. அமெரிக்கப் பழங்குடிகள் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்கு இந்த ஒற்றுமையே சாட்சி என்றார். வந்தவர்கள்தான், ஆனால் அதற்கு இது சாட்சி ஆகாது. ஒரே வகை உறவுமுறை வெவ்வேறு இடங்களில் தனித்தனியாக உருவாகலாம். அப்பாவின் தம்பியை 'அப்பா' என்றழைப்பது, ஒரு காலத்தில் சகோதரர்கள் மனைவியரைப் பொதுவில் வைத்திருந்ததன் மிச்சம் என்பது அவருடைய இன்னொரு முடிவு. சித்தப்பா என்று கூப்பிடும் யாருக்கும் இது சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கார்ல் மார்க்ஸ் இதைக் கவனமாகக் குறிப்பெடுத்தார். அந்தக் குறிப்புகளைக் கொண்டு எங்கெல்ஸ் 1884-இல் குடும்பத்தின் தோற்றம் பற்றிய நூலை எழுதினார். தமிழில் இடதுசாரி வாசகர்கள் 'குழுமணம்' என்று படித்தது இந்த வழியில் வந்ததுதான்.

நேரில் போகும் வழக்கம் எப்போது தொடங்கியது?

தனித்தனியாகப் பலர் போயிருக்கிறார்கள். குழுவாகத் திட்டமிட்டுப் போனதில் 1898-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் குழு முக்கியமானது. ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் நடுவே இருக்கும் டோரஸ் நீரிணைத் தீவுகளுக்கு ஹாடன் என்ற விலங்கியலாளர் தலைமையில் ஏழு பேர் போனார்கள். தீவுவாசிகளுக்குக் கண் அபாரக் கூர்மை என்று ஐரோப்பாவில் ஒரு பேச்சு இருந்தது. மேலே சொன்ன ரிவர்ஸும் குழுவில் இருந்தார், அவர் சோதித்துப் பார்த்தார். பார்வை கொஞ்சம் கூர்மைதான், அதிசயம் ஒன்றும் இல்லை. தொலைவில் வரும் படகை அவர்கள் முதலில் கண்டுகொள்வது பழக்கத்தால் என்று முடிவு செய்தார். ஹாடன் அங்கே ஒரு நடனத்தைப் படம்பிடித்தார். மிஷனரிகள் வந்த பிறகு அந்தச் சடங்கு நின்றுபோயிருந்ததால், படத்துக்காக முகமூடியை அட்டையில் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது.

ரிவர்ஸ் நீலகிரியில் என்ன செய்தார்?

1901-02-இல் சில மாதங்கள் தோடர்களிடையே வேலை செய்தார். அப்போது தோடர்கள் எண்ணூறு பேர் அளவில்தான் இருந்தார்கள். 1906-இல் வந்த நூல் எழுநூறு பக்கத்துக்கு மேல். கிட்டத்தட்ட மொத்தச் சமூகத்தின் வம்சாவளியும் பட்டியலாக அதில் இருக்கிறது.

தோடர்களின் சமயம் எருமையையும் பாலையும் சுற்றியது. பால் கடையும் கொட்டகையே கோயில், அதைச் செய்பவரே பூசாரி. கொட்டகைகளில் தரவரிசை உண்டு. தரம் ஏற ஏறக் கட்டுப்பாடும் கூடும். மிக உயர்ந்த நிலையில் இருப்பவரைச் சாதாரண ஆள் தொட்டுவிட்டால் பதவி போயிற்று. மனைவியோடு வாழக்கூடாது. சொந்தக்காரர் சாவுக்குப் போக வேண்டுமென்றால் பதவியைத் துறந்துவிட்டுத்தான் போகலாம். புனிதமான பாத்திரங்கள் உள்ளறையிலும், மற்றவை வெளியறையிலும் இருக்கும். உள்ளே இருக்கும் பாலை வெளியே ஊற்ற வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பாத்திரம். உள்பாத்திரம் வெளிப்பாத்திரத்தின் மேல் பட்டுவிடக்கூடாது. இவ்வளவு நுணுக்கமாக ரிவர்ஸ் எழுதிவைத்தார்.

அங்கே ஓதும் வேண்டுதல் எனக்கு இன்னும் சுவையாகப்பட்டது. புனிதப் பெயர்களை வரிசையாகச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் 'இதன் பொருட்டு' என்று சேர்க்கிறார்கள். தெய்வங்களோடு எருமைகளின் பெயரும், கொட்டகையின் பெயரும், பாத்திரத்தின் பெயரும் வருகின்றன. டைலர் சொன்ன கனவும் ஆவியும் இங்கே எங்கே இருக்கின்றன?

இந்த நூலுக்கு இன்னொரு பக்கம் உண்டு. வேலை நடந்துகொண்டிருந்தபோது, அவருக்குத் தகவல் சொன்னவர்களில் ஒருவர் நோயில் விழுந்தார். மிகப் புனிதமான சடங்கு ஒன்றைக் காட்டிய இன்னொருவரின் மனைவி இறந்துபோனார். ரகசியத்தை வெளியாளுக்குச் சொன்னதால் தெய்வங்கள் கோபித்துக்கொண்டன என்று குறிசொல்பவர்கள் சொன்னார்கள். பிறகு பலர் வாய் திறக்கவில்லை. ரிவர்ஸ் இதைத் தன் நூலிலேயே மறைக்காமல் எழுதினார். மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார் என்பது அவருடைய பெரிய குறை. அந்தக் குறையை 1935 முதல் 1938 வரை நீலகிரியில் தங்கி, தோடர் மொழியையே ஆராய்ந்த எமனோ தீர்த்துவைத்தார்.

மூக்கை அளந்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். மூக்கின் அகலத்தை நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது 'மூக்குக் குறியீடு'. இந்தக் குறியீடு கூடக் கூடச் சாதியின் சமூக நிலை இறங்குகிறது என்று ரிஸ்லி என்ற அதிகாரி வாதிட்டார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆணையராக இருந்தவரும் அவர்தான். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் அளவுகருவியோடு அலைந்தார். 1909-இல் ரங்காச்சாரியுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் சடங்குகளும் கதைகளும் பயனுள்ளவை. மூக்கு அளவுகள் எதற்கும் உதவாதவை. எதற்கும் என்று சொல்ல முடியாதோ? இத்தகைய அளவுகளையே சான்றாக எடுத்து, பிராமணரும் தீண்டப்படாதோரும் வேறு வேறு இனம் என்ற வாதத்தை அம்பேத்கர் 1948-இல் உடைத்தார்.

அமெரிக்காவில் மானிடவியலாளர் ஃபிரான்ஸ் போவாஸ் இன்னொரு பக்கத்திலிருந்து அடித்தார். குடியேறிகளிலும் அவர்கள் பிள்ளைகளிலும் ஏறக்குறைய 18,000 பேரை அளந்து, மாறவே மாறாது என்று நம்பப்பட்ட தலை வடிவம் ஒரே தலைமுறையில் மாறுகிறது என்று 1911-இல் காட்டினார்.

மந்திரத்தை நம்புகிறவர்களுக்குக் காரணகாரியம் புரியாதா?

புரியும். நேரில் போய்த் தங்கியவர்கள் கண்ட முக்கியமான உண்மை இது. மலினோவ்ஸ்கி தங்கிய, நியூகினிக்கு அருகே உள்ள டிரோப்ரியாண்ட் தீவில் உள்கழியில் மீன் பிடிப்பது ஆபத்தில்லாத, நிச்சயமாகக் கிடைக்கும் வேலை; அதற்கு மந்திரம் இல்லை. வெளிக்கடலுக்குப் போகும்போதுதான் விரிவான மந்திரச் சடங்கு. ஒரே ஆட்கள்தான். தொழிலறிவு எங்கே போதும், எங்கே போதாது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது என்றார் மலினோவ்ஸ்கி.

எவன்ஸ்-பிரிட்சார்ட் என்ற ஆங்கிலேய மானிடவியலாளர் 1937-இல் எழுதியது கொஞ்சம் பிந்தியது என்றாலும் சொல்லாமல் விட மனமில்லை. தெற்குச் சூடானில் அசாண்டே மக்களின் தானியக் குதிர்கள் கம்பங்கள் மேல் நிற்கும். வெயிலுக்கு அதன் நிழலில் உட்காருவார்கள். சில சமயம் குதிர் சரிந்து ஆள் மேல் விழும். கம்பத்தைக் கரையான் அரித்தது என்று அவர்களுக்குத் தெரியும், சொல்லவும் செய்வார்கள். ஆனால் இந்த ஆள் உட்கார்ந்திருந்த இந்த நேரத்தில் ஏன் விழுந்தது? அதற்குத்தான் சூனியம். கரையான் பதில் சொல்லாத கேள்வி அது. 'எனக்கு ஏன் இப்படி, அதுவும் இன்றைக்குப் பார்த்து' என்று நாமும்தான் கேட்கிறோம்.

எல்லாம் காலனி ஆட்சிக்குச் செய்த சேவைதானே?

பாதி அப்படித்தான். அதிகாரம் பின்னால் நின்றதால்தான் கதவுகள் திறந்தன. தர்ஸ்டனையும் ரிஸ்லியையும் அரசு சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. ஆனால் மலினோவ்ஸ்கியின் குறிப்பேட்டை ஆட்சியாளர் அதிகம் பயன்படுத்தியதாகச் சொல்ல முடியாது. எழுதியவர்களின் மனநிலையே இன்னும் நுட்பமான சிக்கல். 1967-இல் வெளிவந்த அவருடைய நாட்குறிப்பில், தீவு மக்கள் மேல் எரிச்சலும் இழிவான பேச்சும் நிறைய. பரிவோடு எழுதிய அதே கைதான். நூலையும் நாட்குறிப்பையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

ரிவர்ஸின் வம்சாவளி முறையை நானே வீட்டில் செய்து பார்க்கலாமா?

தாராளமாக. அவர் செய்தது எளிய வேலை. அப்பா, அம்மா, பிள்ளை, கணவன், மனைவி என்ற ஐந்தாறு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டார். 'மாமா', 'அண்ணன்' போன்றவற்றைக் கேள்வியில் கொண்டுவரவில்லை. அவை யாரையெல்லாம் குறிக்கும் என்பதுதானே கண்டுபிடிக்க வேண்டியது. முதலில் பெற்ற அப்பா பெயர், அம்மா பெயர், அவர்கள் பெற்ற பிள்ளைகள் வரிசையாக, ஒவ்வொருவரும் யாரை எந்த ஊரில் கட்டினார்கள், அவர்கள் பிள்ளைகள். சிறு வயதில் இறந்த குழந்தைகளையும் விடாதீர்கள். படம் முடிந்த பிறகு, ஒவ்வொருவரையும் காட்டி 'இவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள்?' என்று கேளுங்கள்.

ஒரே ஆளிடம் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். தோடர்களிடம் இறந்த உறவினரின் பெயரைச் சொல்லக்கூடாது என்ற தடை இருந்தது. ரிவர்ஸ் ஒரு குடும்பத்தின் பெயர்களை வேறு குடும்பத்தாரிடம் கேட்டே நிரப்பினார். நம் வீடுகளிலும் வயதான பெண்கள் கணவர் பெயரைச் சொல்லமாட்டார்கள். பாட்டியிடம் மற்ற எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தாத்தா பெயரைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள்.